மூக்கைப் பார்க்காமல் எழுதிய சான்று

முப்பது வருடங்களுக்கு மேல் தாலுகா அலுவலகத்துப் பதிவறையில் உட்கார்ந்திருந்தவள் நான். அங்கே அதிகம் எழுதியது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "பதிவு இல்லை." என் கையெழுத்துக்கு அடுத்தபடி அதைத்தான் எழுதியிருப்பேன். இப்போது நீங்கள் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி அதையே சொல்லிவிடுகிறீர்கள். உங்களுக்குக் கை வலி மிச்சம்.

"புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க மேடம்" என்று உங்கள் தலைமை எழுத்தர் கேட்டபோது, கட்டுகளை எப்படி அடுக்குவது, நகல் எப்படி எடுப்பது என்றெல்லாம் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதெல்லாம் நடைமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதை முழுதாகப் படித்ததில்லை, நீங்களும் படிக்கப்போவதில்லை. நான் எழுதுவது, "பதிவு இல்லை" என்று அவசரப்பட்டு எழுதி வசமாக மாட்டிக்கொண்ட கதை. படித்துவிட்டுச் சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் சிரித்துவிட்டு மறந்தால் எனக்குக் கோபம் வரும்.

அது எழுபதுகளின் கடைசி. ஊத்தங்கரையிலிருந்து ஓசூருக்கு வேலை கிடைத்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊரைச் சுற்றித் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்தது. ராகி விளைந்த நிலத்தில் கம்பி வேலி போட்டார்கள், வேலிக்குள் கொட்டகை எழுந்தது. அதுவரை யாருக்கும் தாத்தா தேவைப்படவில்லை. நிலம் எடுக்க ஆரம்பித்ததும் எல்லாருக்கும் தாத்தா தேவைப்பட்டார். தாத்தா பேரில் இருந்த பட்டா, அப்பா இறந்த தேதி, தான் பிறந்த தேதி என்று மூன்று தலைமுறைக்கும் காகிதம் கேட்டார்கள். காலையில் நான் பதிவறைக் கதவைத் திறக்கும்போதே வராண்டாவில் கூட்டம் நிற்கும். ஒருவர் தமிழில் கேட்பார், ஒருவர் தெலுங்கில் கேட்பார், ஒருவர் கன்னடத்தில் கேட்பார், மற்றவர்கள் மூன்றையும் கலந்து சண்டை போடுவார்கள்.

பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் பாதி தெலுங்கு எழுத்தில் இருக்கும். எங்கள் அட்டெண்டர் ஒருவர் இருந்தார், கட்டுகளை ஏணி போட்டு எடுத்துக் கொடுப்பவர். அவரிடம் உட்கார்ந்து ஆறே மாதத்தில் தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டேன். அதோடு ஒரு வித்தையும் பிடிபட்டது. ஒருவருக்கு அவர் ஊர்ப் பதிவேட்டில் பிறப்பு கிடைக்கவில்லை என்றால், "உங்க அம்மா எந்த ஊரு?" என்று கேட்பேன். தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போவார்கள் அல்லவா? அம்மா ஊர்ப் பதிவேட்டை எடுத்தால் மூத்த பிள்ளை அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இப்படி நாலைந்து பேருக்குத் தேடிக் கொடுத்ததும், "அந்த மேடம் கிட்ட போங்க, செத்துப்போன ஆளக்கூட கண்டுபுடிச்சிக் குடுக்கும்" என்று பேச்சு பரவியது. எனக்குத் தலைக்கனம் ஏறியது. அந்தத் தலைக்கனத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு திங்கட்கிழமைதான் குப்புராஜ் வந்தார்.

முப்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். சிமெண்ட் தூசி படிந்த காக்கிக் கால்சட்டை. தன் குடும்பத்து நிலத்தில் எழும்பும் கம்பெனிக் கட்டடத்துக்கே கல் சுமந்துகொண்டிருந்தார். நிலம் அவர் அப்பா முனியப்பா பேரில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நிலம் கொடுத்த குடும்பத்தில் வாரிசு ஒருவருக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை என்று அறிவித்திருந்தார்கள். அதற்குப் பிறப்புப் பதிவின் நகல் வேண்டும்.

"எந்த வருசம் பொறந்தீங்க?"

"ஏரிக் கரை ஒடைஞ்ச வருசம்னு எங்கம்மா சொல்லும் மேடம்."

ஏரி உடைந்த வருடம் எது என்பது எனக்கு மனப்பாடம். பாதி ஊர் அந்த வருடத்தில்தான் பிறந்ததாகச் சொல்லும். பதிவேட்டைப் புரட்டினேன். முனியப்பா, மனைவி லச்சுமம்மா என்ற பெயர்கள் முந்தைய வருடங்களில் வரிசையாக வந்தன. ஒரு பெண், ஒரு ஆண், மறுபடி ஒரு ஆண். இறப்புப் பதிவேட்டையும் எடுத்தேன். பதினொரு நாள், நாலு மாதம், ஒன்றரை வயது. மூன்று குழந்தைகளும் அங்கே இருந்தன. ஏரி உடைந்த வருடத்திலும், முன்பின் இரண்டு வருடங்களிலும் முனியப்பா வீட்டுக்கு ஒரு பிறப்பும் இல்லை. லச்சுமம்மாவின் பிறந்த ஊரையும் கேட்டு அந்தப் பதிவேட்டையும் பார்த்தேன். அங்கும் இல்லை. என் வித்தை தீர்ந்துவிட்டது.

"ஒண்ணுமே இல்லையா மேடம்?"

"மூணு இருக்கு. மூணும் செத்துப்போச்சு" என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். இருபத்தாறு வயதுத் திமிர், வாசலில் பதினைந்து பேர் நிற்கும் எரிச்சல் என்று என்ன காரணம் சொன்னாலும், அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.  அட்டெண்டர், "ஸ்வல்ப இருங்க மேடம், கொஞ்சம் பொறுங்க. இன்னொரு வாட்டி பார்த்துடலாமா?" என்றார். "நான் பார்த்தா பார்த்ததுதான்" என்று சொல்லி, "பதிவு இல்லை" என்று சான்று எழுதி முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். குப்புராஜ் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துத் தாசில்தாரிடமிருந்து குறிப்பு வந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு வாரிசு விசாரணை, அந்தக் கிராமத்துப் பதிவேடுகளோடு நான் வரவேண்டும் என்று. என்ன ஏது என்று விசாரித்தேன். முனியப்பாவின் தம்பி வெங்கடப்பா ஆட்சேபம் எழுதிப் போட்டிருந்தார். "என் அண்ணனுக்குப் பிறந்த மூன்று குழந்தைகளும் இறந்துவிட்டன. இந்தக் குப்புராஜ் வெளியிலிருந்து தவிட்டுக்கு வாங்கி வளர்த்த பிள்ளை. அண்ணனுக்கு வாரிசு இல்லாததால் என் மகனுக்கே அந்த வேலை சேரவேண்டும்" என்பது அவர் மனு. அதற்கு அவர் காட்டிய பெரிய ஆதாரம், குப்புராஜ் தன் மனுவோடு இணைத்திருந்த நான் எழுதிய சான்று. அண்ணன் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் பிறப்பு இறப்பை எழுதிவைக்கும் கிராம முன்சீப் தவறாமல் எழுதியிருக்கும்போது இவனை மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. 

மறுநாள் காலை பத்தரைக்கே குப்புராஜ் வராண்டாவில் வந்து நின்றார். அன்று துவைத்த வேட்டி சட்டை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"மேடம், வேல போனா போவட்டும். கல்லு தூக்கி பொழச்சிக்குவேன். எங்கப்பனுக்கு நான் மவன் இல்லேன்னு கவர்மெண்டு எழுதிடுமா?"

 "இருங்க, பார்க்கலாம்" என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்கத்தான் திரும்பினார் என்று நினைக்கிறேன். வெயில் பக்கவாட்டில் அவர் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் அவருடைய வலது மூக்கில், மடலின் நடுவே, சின்னதாக ஒரு தழும்பு தெரிந்தது. எப்போதோ குத்தித் தூர்ந்துபோன துளை.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. என் பெரிய மாமாவுக்கு அதே இடத்தில் அதே தழும்பு உண்டு. எங்கள் ஊத்தங்கரைப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். வீட்டில் குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்துபோனால், அடுத்த குழந்தையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போடுவார்கள். வேறு வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, இரண்டு படி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். மூக்கைக் குத்திக் குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பெயர் வைப்பாள். பிறகு பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்துவிடுவாள். இது யாரோ வீசியெறிந்த பிள்ளை, இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று எமனை ஏமாற்றத்தான் இத்தனை நாடகமும். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால் சொந்தப் பிள்ளை இல்லை என்று அர்த்தம் இல்லை. போனால் தாங்க முடியாத சொந்தப் பிள்ளை என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியும். குப்புராஜ் என்று பெயரைக் கேட்டு நானே என் கையால் எழுதினேன். இறந்த மூன்று குழந்தைகளை நானே எண்ணினேன். ஆனால் எதிரே நின்ற ஆளின் மூக்கைப் பார்க்கவில்லை.

"உங்க மூக்கை எப்ப குத்தினாங்க?" என்று கேட்டேன்.

அவர் வெட்கத்தோடு மூக்கைத் தொட்டார். "பொறந்தப்பவே மேடம். எனக்கு முன்ன மூணு போச்சில்ல? குப்பையில போட்டு எடுத்தாங்க. குப்பன்னுதான் பேரு. இஸ்கோல்ல வாத்தியாரு ராஜுன்னு சேத்துட்டாரு."

"எடுத்தது யாரு?"

"பீயம்மா. மரியம்பீ. பக்கத்தூட்ல புளி யாவாரம் பண்ணவங்க. இப்ப கிருஷ்ணகிரியில இருக்காங்க. எதுக்கு மேடம்?"

பதில் சொல்லாமல் பதிவறைக்குள் ஓடினேன். விசாரணைக்கு இருபது நிமிடம் இருந்தது. ஏரி உடைந்த வருடத்துப் பதிவேட்டை மறுபடி எடுத்து, இந்தத் தடவை முனியப்பாவைத் தேடாமல் மரியம்பீயைத் தேடினேன். ஆறாவது பக்கத்தில் இருந்தது. ஆண் குழந்தை. தாய் மரியம்பீ. தந்தை புளி வியாபாரி, அவள் கணவர். பெற்றவள் எமனை மட்டும் ஏமாற்றவில்லை, சர்க்காரையும் சேர்த்து ஏமாற்றியிருந்தாள்.

சந்தோஷத்தில் கத்தப் போனேன். கத்துவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்த் தாசில்தார் முன் விரித்தால் என்ன ஆகும்? வெங்கடப்பா சொன்னது போலவே இவர் வேறு வீட்டுப் பிள்ளை என்று ஆகிவிடும். முன்பாவது பதிவு இல்லை. இப்போது பதிவு இருந்து அவரைக் கவிழ்க்கப் போகிறது. அட்டெண்டர் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "மூடிடுங்க மேடம். யாருக்குத் தெரியப் போவுது? இல்லேன்னு ஏற்கெனவே எழுதியாச்சே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு பக்கம் கையில் வரும். நல்லவருக்குக் கெடுதல் செய்யும் உண்மையான பக்கம். மூடிவிடலாம் என்றுதான் மனசு சொல்லும். எனக்கும் சொன்னது. ஒரு நிமிடம் கிட்டத்தட்ட மூடியும்விட்டேன். ஆனால் நல்லதுக்காக ஒரு பக்கத்தை மறைக்கப் பழகிய கை, நாளைக்கு யார் கேட்டாலும் மறைக்கும். அது மட்டும் இல்லை. அன்று என்னைக் காப்பாற்றியது கொள்கை என்று பெருமையடிக்க மாட்டேன். மூடப்போன பக்கத்தில் விரல் வைத்திருந்த இடத்தில் கடைசிக் கட்டம் இருந்தது. தகவல் கொடுத்தவர் என்ற கட்டம். அதை நாம் யாரும் படிப்பதே இல்லை. அன்று படித்தேன். "வெங்கடப்பா, இடது பெருவிரல் ரேகை."

சித்தப்பாவேதான். இன்று ஆட்சேபம் போட்டிருக்கும் அதே ஆள்.

பதினொரு மணிக்குத் தாசில்தார் அறைக்குப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கண்டிப்பானவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெங்கடப்பா ஒரு பக்கமும் குப்புராஜ் ஒரு பக்கமும் நின்றார்கள். நான் வாயைத் திறந்து, "சார், என் சான்று தப்பு. நாளைக்கு ஒரு சாட்சி வந்தாத்தான் விளக்க முடியும். ஒருநாள் டைம் வேணும்" என்றேன்.

"நீங்கதானே பதிவு இல்லைன்னு எழுதினது?"

"ஆமா சார்."

"இப்ப இருக்குன்னு சொல்றது?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். மெமோ நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன். "நாளைக்குப் பதினோரு மணி. அதுக்கப்புறம் இந்த ஃபைலை மூடிடுவேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார். மரியம்பீயைக் கூட்டி வரச் சொன்னேன்; குப்புராஜ் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினார்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் மரியம்பீ வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய, கட்டையான உருவம், தலையில் வெள்ளை முக்காடு, கையில் ஒரு பை நிறைய மாம்பழம். "ஆபீசுக்கு வெறுங்கையோட வர்றதா?" என்று சொல்லி அட்டெண்டர் கையில் இரண்டைத் திணித்தார். வாங்கக் கூடாது என்று நான் முறைப்பதற்குள் அவர் ஒன்றைக் கடித்துவிட்டார்.

தாசில்தார் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு மரியம்பீயைப் பார்த்தார்.

"இந்தக் குப்புராஜ் நீங்க பெத்த பிள்ளையா?"

"பெக்கலீங்க. வாங்குனேன்."

"எதுக்கு வாங்கினீங்க?"

"ரெண்டு படி தவுட்டுக்கு."

வெங்கடப்பா துள்ளிக் குதித்தார். "கேட்டுக்கங்க சார்! அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க! வாங்குன புள்ளதான்!"

"இருடா, நான் முடிக்கல" என்றார் மரியம்பீ. "யாருகிட்ட வாங்குனேன்னு சார் கேக்கட்டும். லச்சுமி மடியிலருந்து எறக்கிக் குப்பையில போட்ட புள்ளய வாங்குனேன். பெத்து மூணு நாளு, உடம்பு தேறாம, என் கையப் புடிச்சிட்டு அழுவுறா. 'பீயம்மா, முன்சீப் அந்தப் புஸ்தகத்துல எம் பேரப் போட்டு எழுதுன மூணும் பூடுச்சு. எமன் அந்தப் புஸ்தகத்தப் பாத்துதான் வர்றான். உம் பேருல இதுவரைக்கும் ஒண்ணும் எழுதல. உன் பக்கம் அவனுக்குத் தெரியாது. இதையாச்சும் உம் பேருல எழுதச் சொல்லு'ன்னா. எனக்குப் புள்ள கெடையாதுங்க. குடுத்து வைக்கல. மத்தவங்கல்லாம் புள்ளையில்லாதவன்னு நல்ல நாளுல என் மூஞ்சியில முழிக்க யோசிப்பாங்க. அவ மட்டும் அதுக்காவவே என்னத் தேடி வந்தா. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

 மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்த கண்ணாடிக் குண்டைத் தாசில்தார் உருட்டிக்கொண்டிருந்தார். "இதை நீங்க சொல்றீங்க. ஆதாரம்?" என்றார்.

நான் முன்னால் போய்க் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தேன். அவர் படித்தார், நிமிர்ந்து வெங்கடப்பாவைப் பார்த்தார்.

"மரியம்பீக்குக் குழந்தை பிறந்ததுன்னு முன்சீப் கிட்ட போய்ச் சொன்னது யாருங்க?"

"எனக்கெப்படி சார் தெரியும்?"

"வெங்கடப்பான்னு எழுதியிருக்கு. ரேகை இருக்கு."

"அபத்தம் சார், அபத்தம்!" என்று தெலுங்கில் கத்தினார் வெங்கடப்பா. பொய் என்று அர்த்தம். "ஊருல எத்தினி வெங்கடப்பா!"

தாசில்தார் மைப்பெட்டியைத் திறந்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். வெங்கடப்பா தன் இடது பெருவிரலைப் பார்த்தார். அரிவாள் பட்ட பழைய வெட்டு ஒன்று அதில் குறுக்கே ஓடியது. பதிவேட்டில் இருந்த ரேகையிலும் குறுக்கே அதே மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பார்க்கத் தெலுங்கும் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

மரியம்பீதான் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"வெங்கடா, உங்கண்ணன் போவக் கூடாது, தகப்பன் சொன்னா எமனுக்குத் தெரிஞ்சிடும்னு உன்னைத்தான அனுப்புனா லச்சுமி. முன்சீப் ஊட்லருந்து ஓடியாந்து, 'எழுதியாச்சு பீயம்மா, உம் பேருல எழுதியாச்சு, இனி இவன் பொழச்சான்'னு குதிச்சியே. கட்ட வெரல்ல மை இருந்துச்சு. அதக் கொண்டாந்து புள்ள கன்னத்துல திருஷ்டிப் பொட்டா வச்சியேடா. மறந்துட்டியா?"

வெங்கடப்பா மறக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எம் பையனுக்கும் வேல இல்லீங்க சார்" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார். "அதான். வேற ஒண்ணும் இல்ல."

குப்புராஜ் போய் அவரைத் தூக்கி நிறுத்தினார். "எந்திரிங்க சித்தப்பா. ஆபீஸ்ல எல்லாரும் பாக்கறாங்க" என்றார். ஆட்சேபம் போட்ட ஆளும் போடப்பட்ட ஆளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றதைப் பார்த்து எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதிவேட்டில் விழுந்துவிடுமோ என்று தள்ளி நின்றுகொண்டேன்.

வாரிசு உத்தரவு அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது. சாட்சி சொன்னதையும், தகவல் கொடுத்தவரே ஒப்புக்கொண்டதையும் எழுதி, குப்புராஜ் முனியப்பாவின் மகன் என்று தாசில்தார் முடித்திருந்தார். பிறப்பு நகலுக்குப் பதிலாகக் கம்பெனியும் அந்த உத்தரவையே ஏற்றுக்கொண்டது. எனக்கு மெமோவும் வந்தது. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். குப்புராஜ் கம்பெனியில் சேர்ந்த மறு வருடமே கேண்டீன் காண்டிராக்டரிடம் பேசி, வெங்கடப்பாவின் மகனுக்கும் அங்கே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அன்று வெளியே வந்தபோது நடந்த இன்னொன்றைச் சொல்லவேண்டும். பதிவேட்டில் தாய் தந்தை பெயர் தப்பாக இருக்கிறது அல்லவா? சம்பந்தப்பட்டவர் மனுக் கொடுத்தால் ஓரத்தில் திருத்தம் எழுதலாம். செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்று நானே வலியப் போய், "ஒரு மனு எழுதிக் குடுங்க குப்புராஜ், இப்பவே சரிபண்ணிடறேன்" என்றேன்.

மரியம்பீ, "அதை அடிச்சிடுவீங்களா?" என்று கேட்டார்.

"அடிக்க மாட்டோம். பக்கத்துல சிவப்பு மையில சரியான பேரை எழுதுவோம்."

அவர் தலையாட்டினார். பதிவேட்டைத் திறந்து காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எந்த வரி?" என்று கேட்டார். காட்டினேன். ஒரு விரலால் அந்த வரியை மெதுவாகத் தடவினார். "சர்க்காரு புஸ்தகத்துல நான் தாயா இருக்கற வரி இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்த மாம்பழங்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார்.

குப்புராஜ் என்னைப் பார்த்தார். "மனு போட்டாத்தானே மேடம் திருத்துவீங்க?"

"ஆமா."

"நான் போடல."

பதிவேட்டை மூடி அதன் கட்டுக்குள் வைத்தேன். தப்பு என்று தெரிந்தும் திருத்தாமல் வைத்த ஒரே வரி அது. சட்டப்படியும் நான் செய்தது சரிதான். மனு வரவில்லையே.

பதினைந்து வருடம் போல ஓடிவிட்டது. முன்சீப் பதவியெல்லாம் போய்க் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், அந்தக் கிராமத்து நிர்வாக அலுவலரிடமிருந்து ஒரு இறப்புப் படிவம் சந்தேகக் குறிப்போடு வந்தது. மரியம்பீ இறந்துவிட்டார். கணவர் போன பிறகு குப்புராஜ் அவரைக் கிருஷ்ணகிரியிலிருந்து தன் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்திருந்தாராம். நோன்பு நாட்களில் விடியலுக்கு முன் எழுந்து அவருக்குச் சமைத்துக் கொடுத்தது குப்புராஜின் மனைவியாம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. படிவத்தில் இவ்வளவு எங்கே இருக்கும்? அதில் இருந்தது இதுதான். தகவல் கொடுத்தவர்: குப்புராஜ். இறந்தவருக்கு உறவு: மகன்.

நிர்வாக அலுவலர் கீழே எழுதியிருந்தார்: "இறந்தவரும் தகவல் தருபவரும் வெவ்வேறு மதத்தினர். மகன் என்பதற்கு ஆதாரம் ஏதும் உள்ளதா எனத் தெரிவிக்கவும்." அவர்மேல் குற்றமில்லை. நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். நான்தான் அந்த வயதில் அவ்வளவு பார்க்கவில்லை.

அட்டெண்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். நானே ஏணி போட்டு ஏறினேன். மேல்தட்டில் மூன்றாவது கட்டு. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, ஆறாவது பக்கத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஆண் குழந்தை, தாய் மரியம்பீ. கடைசிக் கட்டத்தில் வெங்கடப்பாவின் ரேகை, குறுக்கே அந்த வெள்ளைக் கோடு. இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.  படிவத்தின் கீழே வருடத்தையும் பக்க எண்ணையும் தெளிவாகக் குறித்து, பதில் எழுதினேன்:

"பதிவு உள்ளது."